குடில் பெட்டியில் உறங்கும் முகங்கள்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கழிந்ததும், நம் பங்குக் கோயில்கள் பலவற்றில் ஒரு மரப்பெட்டியைத் தேடும் படலம் தொடங்குகின்றது. பாடகர் மேடையின் அடியிலோ, பொருளறையின் மூலையிலோ, பழைய சப்பரத்தின் பின்னாலோ அது கண்டெடுக்கப்படுகின்றது. மூடியைத் திறந்தால் வைக்கோல் தூசியும் பாச்சை உருண்டை வாடையும் எழுகின்றன. உள்ளே காதொடிந்த கழுதை, விரலிழந்த அரசர், மூக்குச் சிதைந்த இடையர். விழாவுக்கு இன்னும் ஒரு வாரமே உள்ளது. இளைஞர் ஒருவர் கடைக்கு ஓடி நான்கு எனாமல் டப்பாக்கள் வாங்கி வருகின்றார். ஒரே இரவில் எல்லாச் சொரூபங்களும் பளபளக்கத் தொடங்கி விடுகின்றன. மறுநாள் காலையில் யாவரும் மகிழ்கின்றனர்.

அந்த ஆர்வத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் அந்த ஒரு இரவில் ஏற்றப்பட்ட பூச்சு எதை மூடிவிட்டது என்பதை ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் கவனிப்பாரற்றுக் கிடந்த சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பொழுதுபோக்காகத் தோன்றலாம். உண்மையில் அது முன்பு வாழ்ந்த ஒருவருடைய கைவேலையைப் பொறுப்பேற்பதாகும். முதலில் துடைத்துப் பார். பிறகு தேவையான இடத்தில் மட்டும் தீட்டு. இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

பெட்டிக்குள் உறங்கும் உலகம்

சிறு உருவங்களைச் சேர்த்து, பெட்டியில் வைத்துப் பேணி, காலம் வரும்போது எடுத்து அடுக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் முதலிய நம் அண்டை ஊர்களில் இந்து சகோதரர்களின் இல்லங்களில் நவராத்திரியின்போது கொலு வைக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். தெய்வ உருவங்களுக்குக் கீழே செட்டியார் பொம்மை, குறத்தி பொம்மை, பேண்டு வாத்தியக்காரர், அணிவகுத்து நிற்கும் சிப்பாய்கள் என்று ஒரு முழு ஊரே படிகளில் அமர்ந்திருக்கும். பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் அப்பொம்மைகள் கைமாறி வருகின்றன.

ஐரோப்பாவில் இத்தகைய பழக்கம் வேறு ஒரு திசையிலும் வளர்ந்தது. போர்க்களத்தை மேசைமேல் அமைத்து விளையாடும் முறையைப் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டளவில் வகுத்தார். அவருடைய மகன் 1824-இல் அதைத் திருத்தி இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதாக்கினார். நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய நம் சதுரங்கத்திற்கு அது தூரத்து உறவு எனலாம். பின்னர் 1893-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் நிறுவனம், உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாய்களை வார்க்கும் வழியைக் கண்டது. எடையும் விலையும் குறையவே, நடுத்தர வீட்டுச் சிறுவர்களின் கைகளுக்கும் அவை எட்டின. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இத்தகைய சிப்பாய்களைக் கொண்டு விளையாடும் விதிகளை ஒரு நூலாகவே வெளியிட்டார். பொம்மைப் போரை ஆடிப் பார்ப்பவனுக்கு உண்மைப் போரின் மடமை விளங்கும் என்பது அவருடைய எண்ணம். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது என்பது வரலாற்றின் துயரம்.

இன்றும் பல நாடுகளில் இந்த விளையாட்டை விரும்புவோர் உள்ளனர். கட்டைவிரல் அளவே உள்ள வீரர்களுக்கு, அந்தந்தப் படையின் சட்டை நிறம், கச்சையின் நிறம், பொத்தானின் நிறம் ஆகியவற்றை வரலாற்று நூல்களில் தேடிக் கண்டறிந்து தீட்டுகின்றனர். அவர்களுக்குள்ளும் ஒரு குறை உண்டு. ஆசையோடு வாங்கிய உருவங்கள் தீட்டப்படாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ஒருநாள் அவற்றை எடுத்துத் தூசி தட்டி வேலையைத் தொடங்குகிறவர் பெறும் மனநிறைவு பெரிது. அவர்கள் அனுபவத்தில் கண்ட சில எளிய முறைகள் நம் குடில் சொரூபங்களுக்கும் மிகவும் பயன்படும். அவற்றைப் பின்னால் சொல்வோம்.

நமது குடிலின் வேர் போர்க்களத்தில் இல்லை. 1223-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியை வைத்து, வைக்கோல் பரப்பி, ஒரு காளையையும் ஒரு கழுதையையும் நிறுத்தித் திருப்பலி நடைபெறச் செய்தார். பிற்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத்துக் கலைஞர்கள் குடிலைத் தங்கள் நகரத்துத் தெருவாகவே மாற்றிவிட்டனர். பிரான்சு நாட்டின் புரோவான்சு பகுதியிலும் அவ்வாறே நடந்தது. புரட்சிக் காலத்தில் கோயில்கள் மூடப்பட்டபோது, மக்கள் தம் இல்லங்களில் குடில் வைக்கத் தலைப்பட்டனர். லாஞெல் என்னும் கைவினைஞர் அச்சுகளில் சிறு மண் உருவங்களை எளிய விலையில் செய்து தந்தார். 1803 முதல் மார்சேய் நகரில் அவற்றுக்கென்றே ஒரு சந்தை நடைபெற்று வருகின்றது. அந்தக் குடில்களில் மீன் விற்பவளும், சாணை பிடிப்பவனும், ரொட்டி சுடுபவனும் தங்கள் ஊர் உடையிலேயே பாலனைக் காண வருகின்றனர். பெத்லகேமுக்கு எல்லா ஊரிலிருந்தும் ஒரு வழி உண்டு என்று அம்மக்கள் புரிந்து கொண்டார்கள்.

வெள்ளம் திறந்து காட்டிய நிறம்

2023-ஆம் ஆண்டு கிரேச்சோ குடிலின் எண்ணூறாம் ஆண்டு நிறைவு. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை நம்மில் எவரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் உபரிநீர் திறந்துவிடப்பட, தாமிரபரணி கரைபுரண்டது. உயிரையும் வீட்டையும் இழந்தோரின் துயரத்திற்கு முன்னால் ஒரு பொம்மைப் பெட்டி நனைந்தது பேசத்தக்க செய்தியன்று. எனினும் அந்நாள்களில் நமது பொறுப்பிலிருந்த, மணிமுத்தாற்றுப் பக்கத்துச் சிற்றாலயத்தில் அப்படியும் ஒன்று நேர்ந்தது. பொருளறையில் முழங்கால் அளவு நீர் நின்றது. குடில் பெட்டி இரண்டு நாள் நீரில் ஊறியது.

அவ்வாண்டு நம் மக்கள் ஒரு தீவனத் தொட்டியும் ஈரவைக்கோலும் பாலன் சொரூபமும் மட்டும் வைத்துக் குடில் அமைத்தனர். கிரேச்சோவிலும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தது என்று மறையுரையில் கூறினோம். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது.

பெட்டியில் மொத்தம் 19 சொரூபங்கள். சுட்ட மண்ணாலானவை 11. பாரிஸ் சாந்தில் வார்த்தவை 6. காகிதக் கூழாலானவை 2. ஒட்டகங்களாகிய அந்த இரண்டும் கரைந்து உருத்தெரியாமல் போயின. சாந்து உருவங்கள் ஓரங்களில் மாவாகி இருந்தன. சுட்ட மண் உருவங்கள் மட்டும் உறுதியாக நின்றன. ஆனால் அவற்றின்மேல் ஆண்டுதோறும் ஏற்றப்பட்டிருந்த எனாமல் பூச்சு, நீர் புகுந்ததனால் கொப்புளித்துச் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

பங்குப் பேரவையில் இதுபற்றிப் பேசியபோது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஃபைபரில் செய்த புதிய தொகுதி ஒன்றை வாங்கிவிடலாம் என்று சிலர் கூறினர். நியாயமான கருத்துதான். இலேசானது, உடையாதது, கழுவினாலும் கெடாதது. நன்கொடை தரவும் ஒருவர் முன்வந்தார். முடிவெடுக்கும் முன் பழையவற்றை ஒருமுறை துடைத்துப் பார்ப்போம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

நிழலில் மூன்று மாதம் உலர்த்தியபின், 2024 ஏப்ரல் விடுமுறையில் வேலை தொடங்கிற்று. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த ஓர் இடையர் சொரூபம் முதலில் மேசைக்கு வந்தது. எல்லோரும் அறிந்த உருவம் அது. ரோஜா நிற முகமும், சிவந்த கன்னமும், மஞ்சள் தலைமுடியும் கொண்டது. உதிரும் செதில்களை மூங்கில் சிம்பினால் மெதுவாக எடுக்க எடுக்க, ரோஜா நிறத்திற்குக் கீழே வேறொரு ரோஜா நிறமும், அதற்குக் கீழே வெள்ளையும் வந்தன. ஐந்தாவது அடுக்குக்குக் கீழே முதல் கைவேலை வெளிப்பட்டது. நல்ல மாநிறம். கறுத்த முடி. மஞ்சள் முடி என்று நாம் எண்ணியிருந்தது பச்சைக் கரையிட்ட தலைப்பாகை. நெற்றியில் உழைப்பின் இரண்டு கோடுகள், ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுக்கப்பட்டவை.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு ஒரு மூதாட்டி, “எங்க அய்யா மாதிரியே இருக்காரு சாமி” என்றார்.

இளைஞர் ஒருவர் தயங்கியபடி, “வெள்ளையா இருந்தாத்தானே சாமி ராத்திரி வெளிச்சத்துல எடுப்பாத் தெரியும்?” என்று கேட்டார். அதற்கும் பதில் மூதாட்டியிடமிருந்தே வந்தது: “ஆடு மேய்க்கவன் என்னைக்குல வெள்ளையா இருந்தான்?”

இச்சிறு நிகழ்ச்சியைப் பற்றி நாம் நீண்ட நாள் சிந்தித்தோம். முதலில் தீட்டிய கைவினைஞர் தாம் கண்ட இடையனைத் தீட்டினார். மார்சேய் நகரத்தார் தம் மீன்காரியைக் குடிலில் நிறுத்தியது போல, அவர் இவ்வூர் ஆட்டுக்காரரை நிறுத்தினார். வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் எழுந்தருளச் செய்ததாக நாம் பெருமையோடு சொல்லி வருகின்றோம். அதே மரபு, பெயர் பொறிக்காத ஒரு கையால், ஒரு சாண் உயர மண் பொம்மையிலும் வாழ்ந்திருக்கின்றது. பின்வந்த ஐந்து பூச்சுகளும் அன்பினால் பூசப்பட்டவையே. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் சற்றே அந்நியராகி, இறுதியில் நம்மிடமிருந்து மறைந்தே போனார்.

ஆகவே பழைய பூச்சு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட வேண்டுமா? இல்லை. மாதாவின் நீலப் போர்வை பிற்காலப் பூச்சுதான். ஆயினும் அது உறுதியாகப் பற்றியிருந்தது, அழகாகவும் இருந்தது. அதைத் தொடவில்லை. அப்போர்வையின் முன் மண்டியிட்டுச் செபித்தவர்களின் நினைவும் சொரூபத்தின் வரலாற்றில் சேர்ந்ததே. உதிர்வதை மட்டும் எடுப்பது, நிற்பதை நிற்கவிடுவது என்பதே நாம் மேற்கொண்ட நெறி.

மண் வேறு, சாந்து வேறு, ஈயம் வேறு

தூரிகையைத் தொடுமுன், உருவம் எப்பொருளால் ஆனது என்று அறிந்துகொள்ள வேண்டும். மண்பாண்டத்திற்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியிலிருந்து நமது வேண்டுகோளுக்கிணங்கி வந்த வேளார் ஒருவர், ஒவ்வொரு சொரூபத்தையும் விரல் முட்டியால் தட்டி ஓசையைக் கேட்டார். நன்கு சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மழுங்கிவிடும். சாந்து உருவம் மொத்தென்று ஒலிக்கும். புண்ணைத் தேடும் மருத்துவரைப் போன்று அவர் அதைச் செய்தார்.

சுட்ட மண் உருவத்தை ஈரத் துணியால் துடைக்கலாம். சுடாத மண்ணுக்கும் சாந்துக்கும் காகிதக் கூழுக்கும் நீர் பகை. உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்த வேண்டும். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்கக் கூடாது. மேற்புறம் விரைந்து காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருக்க, வெடிப்பு உண்டாகும். காற்றோட்டமுள்ள நிழலே உகந்தது. சவர்க்காரம் எதற்குமே வேண்டாம்.

சில இல்லங்களிலும் பழைய பங்களாக்களிலும் ஈயச் சிப்பாய்களோ ஈயத்தாலான குடில் உருவங்களோ கிடைக்கக் கூடும். அவற்றின்மேல் வெண்பொடி படர்ந்திருந்தால் அது வெறும் தூசியன்று. மரப்பெட்டியிலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் புளிப்பாவி ஈயத்தைத் தாக்குவதால் உண்டாகும் நச்சுப்பொடி. அதை ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது. கையுறை அணிந்து ஈரப் பஞ்சினால் ஒற்றியெடுத்து, பஞ்சைப் பொதிந்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் கையில் அத்தகைய உருவங்களைத் தரவே கூடாது.

பழைய எனாமல் பூச்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நிறம் பிரகாசிக்கவும் விரைந்து உலரவும் முற்காலப் பெயின்டுகளில் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் கலக்கும். ஆகவேதான் நம் ஆலயத்தில் பெரியவர்கள் மட்டும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, செதில்களைச் சற்றே நனைத்து எடுத்தனர். சிறுவர்களுக்குப் பின்னால் வேறு பணி இருந்தது.

வண்ணம் தீட்டும் முறை

உடைந்த காதையும் விரலையும் வெள்ளைப் பசையால் ஒட்டி ஒருநாள் விட்டுவிட வேண்டும். இழந்த பகுதியைச் சாக்குப் பொடியையும் அதே பசையையும் பிசைந்து நிரப்பி, காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் இழைக்கலாம். பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பார்ப்பதைப் போன்றதே இது. பிறகு அந்த இடத்திற்கு மட்டும் பிரைமர்.

அடுத்ததாக ஒரு முக்கியமான செய்தி. பழைய பூச்சின்மேல் நேரடியாகப் புதிய வண்ணத்தை ஏற்றாமல், நடுவில் ஒரு மெல்லிய வார்னிஷ் பூசிவிட வேண்டும். நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் வேலை பிடிக்கவில்லையானால், முதல் கைவேலைக்குத் தீங்கு நேராமல் நம் பூச்சை எடுத்துவிடும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கும். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பேணுவோர் கைக்கொள்ளும் நெறி இது. பின்வருவோர் திருத்திக்கொள்ள இடம் வைத்து வேலை செய்வது பணிவின் ஓர் அடையாளமும் ஆகும்.

எனாமலுக்குப் பதிலாக நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் நல்லவை. சிறு டப்பாக்களில் எங்கும் கிடைக்கின்றன. எனாமல் கெட்டியாகப் படிந்து, இமையையும் உதட்டையும் நிரப்பி, முகத்தை வழுவழுப்பாக்கி விடுகின்றது.

இனி, சிப்பாய்களுக்குத் தீட்டுவோர் கண்ட முறைகளைக் கூறுவோம். முதலில் ஆடைக்குரிய நிறத்தை நீர்த்த பதத்தில் இருமுறை பூச வேண்டும். கெட்டியாக ஒருமுறை பூசுவதினும் இதுவே மேல். காய்ந்தபின், பழுப்பு நிறத்தைத் தேநீர் போல் மிகவும் நீர்க்கக் கரைத்து மேலே தடவினால், அது மடிப்புகளுக்குள் ஓடித் தங்கி நிழலை உண்டாக்கும். பிறகு சற்று வெளிறிய நிறத்தைத் தூரிகையில் தொட்டு, தாளில் துடைத்து, ஏறக்குறைய வண்ணமே இல்லை என்னும் நிலையில் மேடான இடங்களை மட்டும் வருடினால், அங்கே ஒளி படிந்தது போலாகும். இந்த மூன்று படிகளில், நான்கு அங்குல இடையர் கூட உயிர்பெற்று நிற்பார்.

பல உருவங்கள் இருந்தால், ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கக் கூடாது. எல்லா ஆடுகளுக்கும் முதல் பூச்சு, பிறகு எல்லா ஆடுகளுக்கும் நிழல், பிறகு எல்லா ஆடுகளுக்கும் ஒளி என்று வரிசையாகச் செய்தால் நேரமும் மிஞ்சும், கையும் பழகும். நம் மறைக்கல்விச் சிறுவர்கள் ஆறு ஆடுகளை இவ்வாறு இரண்டு மாலைகளில் முடித்தனர். ஓர் ஆட்டுக்கு மட்டும் சிறுமி ஒருத்தி கறுப்புக் காது வைத்தாள். தன் வீட்டு ஆட்டுக்கு அப்படித்தான் இருக்கிறதென்று சொன்னாள். அந்த ஆடு அப்படியே குடிலில் நிற்கின்றது.

கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். சிற்பிகளும் பொம்மைத் தொழிலாளரும் வழிவழியாகக் காக்கும் முறை இது. கண் எழுதும்வரை அது மண். எழுதியபின் அது நம்மைப் பார்க்கின்றது. இடையரின் கண்களை நாம் எழுத நேரவில்லை. அவை முதல் பூச்சின் அடியில் பழுதின்றி இருந்தன. ஐந்து அடுக்கு இருளுக்குள்ளும் திறந்தபடியே காத்திருந்தன.

உழைக்கும் கைகள்

இத்தனை பாடுபடுவதைவிடப் புதிதாக வாங்குவது எளிதன்றோ என்று கேட்கலாம். வாங்கத்தான் வேண்டும், ஆனால் எவரிடமிருந்து வாங்குவது என்பதும் ஒரு கேள்வி. கரைந்துபோன ஒட்டகங்களுக்காக மதுரைக்கு அருகே, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரிக்கு ஆள் அனுப்பினோம். அங்கே வேளார் குடும்பங்கள் ஆவணியில் பிள்ளையாரும், புரட்டாசியில் கொலு பொம்மைகளும், கார்த்திகையில் அகல் விளக்குகளும், டிசம்பருக்குக் குடில் சொரூபங்களும் செய்கின்றனர். மண்ணைப் பிசைந்து, இரு பாதி அச்சுகளில் அழுத்தி, ஒன்றாக இணைத்து, உலர்த்தி, சுட்டு, வண்ணமிடுகின்றனர். பிள்ளையாரைச் செய்த அதே கை பாலன் இயேசுவையும் செய்கின்றது. இரண்டையும் ஒரே பயபக்தியோடு செய்கின்றது. சமய ஒற்றுமையைப் பற்றி நாம் மேடைகளில் பேசுவதை அந்தக் கைகள் மௌனமாகச் செய்து வருகின்றன.

பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவிலும் இவ்வாறே உழைக்கும் குடும்பங்கள் உள்ளன. மழைக்காலத்தில் மண் உலராது, சூளை பற்றாது. கடைசி வாரத்தில் போய்ப் பேரம் பேசும் பங்குகளைவிட, ஆடி மாதத்திலேயே முன்பணம் கொடுத்துவைக்கும் பங்கு அவர்களுக்குப் பேருதவி செய்கின்றது. நன்கொடையாளரிடம் இதை எடுத்துச் சொன்னோம். அவர் மறுப்பின்றி இசைந்தார். இரண்டு ஒட்டகங்களும், புதிதாக ஓர் இடைப்பெண்ணும் வந்து சேர்ந்தனர். இடைப்பெண்ணின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்த மூதாட்டியிடமே விட்டோம்.

இல்லங்களில் செய்யத்தக்கவை

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு பெட்டி இருக்கக் கூடும். பாட்டியார் திருமணத்தின்போது கொண்டு வந்த குடில் உருவங்களோ, தாத்தா வாங்கிய மரப்பாச்சியோ, உடைந்த சிலுவைச் சொரூபமோ அதில் இருக்கலாம். அதை டிசம்பரில் திறக்காதீர்கள். நம் பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றே ஈரமாக இருக்கும், பூச்சு உலராது, அவசரம் வேறு. மூவரசர் திருவிழா முடிந்து பெட்டியை மூடும்போதே உடைந்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு அமர்ந்து சீர்செய்யுங்கள்.

குடிலின் வைக்கோலிலேயே சொரூபங்களைப் பொதிந்து வைக்காதீர்கள். வைக்கோல் ஈரத்தையும் பூச்சியையும் உடன் கொண்டுவரும். செய்தித்தாளின் மை வண்ணத்தில் ஒட்டும். துவைத்து உலர்ந்த பழைய வேட்டித் துணியே சிறந்தது. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேலோ பரணிலோ வையுங்கள். 2023-இன் வெள்ளம் கற்பித்த பாடம் அது.

ஒரு முகத்தில் எதையேனும் மாற்றுமுன், அதைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். வீட்டுப் பெரியவரை அழைத்து, இது எப்போது வந்தது, யார் தந்தது என்று கேளுங்கள். பொம்மையைப் பற்றித் தொடங்கும் பேச்சு, பெரியவரின் இளமைக்காலத்துக்குச் செல்லும். பல ஆண்டுகளாக எவரும் கேட்காத கேள்வியை அன்று அவரிடம் கேட்டிருப்பீர்கள். கவனிப்பாரற்று வீட்டின் மூலையில் இருப்பவை சொரூபங்கள் மட்டும் அல்லவே.

வேலை முடிந்தபின் ஒரு தாளில் ஆண்டு, மாதம், எதைத் துடைத்தோம், எதை ஒட்டினோம், எந்த வண்ணம் பூசினோம், எவரெவர் கைகொடுத்தனர் என்பதை எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். நம் சிற்றாலயத்துப் பெட்டியிலும் அப்படி ஒரு தாள் உள்ளது. அதில் கறுப்புக் காது வைத்த சிறுமியின் பெயரும் உண்டு. காருகுறிச்சி வேளாரின் பெயரும் உண்டு. முதல் வரி மட்டும் இவ்வாறு இருக்கின்றது: “இடையரின் முகத்தில் ஒன்றும் பூசப்படவில்லை, இனியும் பூச வேண்டாம்.”